கொளுக்கி இல்லாத புழு

என் பெயரில் ஒரு நாடாப்புழு இருந்தது. ஆபிரிக்காவில் ஒரு புல் எலியின் குடலுக்குள் அது வாழ்ந்ததாகச் சொன்னார்கள். கொஞ்சக் காலம்தான் இருந்தது. பிறகு அதை நானே ஒழித்துக் கட்டினேன். இதைச் சொன்னால் ஆட்கள் இப்போதும் பகிடி என்றுதான் நினைக்கிறார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் கட்டடம், அதன் கீழ்த்தளம், யன்னல் இல்லாத ஓர் அறை. யாழ்ப்பாணத்திலிருந்து புலமைப்பரிசிலில் வந்த எனக்கு அந்த அறையைத் தந்தார்கள். அலுமாரிகள் நிறையப் போத்தல்கள். ஒவ்வொரு போத்தலிலும் ஆபிரிக்க எலிகளின் குடலிலிருந்து எடுத்த நாடாப்புழுக்கள், வெந்து ஆறிய இடியப்பம் மாதிரிச் சுருண்டு கிடந்தன. எது எந்த இனம் என்று பிரிப்பதுதான் என் வேலை. எலிகளைப் பிடித்து, அறுத்து, புழுக்களைப் போத்தலில் இட்டவர் எங்கள் பேராசிரியர். இளமையில் கிழக்கு ஆபிரிக்காவில் சில ஆண்டுகள் திரிந்தவர். போத்தல்களைக் கொண்டுவந்து அடுக்கியதோடு சரி, அதன் பிறகு அவற்றை அவர் திறந்ததாகத் தெரியவில்லை. அதற்குத்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோமே.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பிறவிச் சந்தேகக்காரி. பால்காரன் வழமைக்கு மாறாகச் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் கூடிவிட்டது என்று முடிவெடுக்கிற ஆள். ஊரில் இந்தக் குணத்துக்காக அம்மாவிடம் நிறைய ஏச்சு வாங்கியிருக்கிறேன். புழுக்களிடம் வந்தபோதுதான் இது ஒரு தகுதி என்று தெரிந்தது.

நாடாப்புழுவை இனம் காண்பதற்கு முதலில் தலையைப் பிடிக்க வேண்டும். குண்டூசித் தலையிலும் சின்னது. அதில் நான்கு உறிஞ்சிகள், நடுவில் ஒரு சிறு மேடு, அந்த மேட்டைச் சுற்றி முடி சூட்டியதுபோலக் கொளுக்கிகள். குடற்சுவரில் தொங்கிக்கொண்டிருப்பதற்கான கொளுக்கிகள் அவை. சில இனங்களுக்குக் கொளுக்கியே கிடையாது. இருக்கிறதா இல்லையா, இருந்தால் எத்தனை, என்ன வடிவம் என்பதை வைத்துத்தான் பாதி வேலை முடியும். அதற்குப் பிறகு உடலைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து, கராம்பு எண்ணெயில் ஊறவைத்தால் அது கண்ணாடிபோலத் தெளிந்து உள்ளுறுப்பெல்லாம் தெரியும். காலையிலிருந்து அறை முழுக்கக் கராம்பு மணக்கும். பதினொரு மணிக்கே எனக்குப் புரியாணிப் பசி வந்துவிடும். அவ்வளவு புழுக்களுக்கு நடுவில் எப்படிப் பசித்தது என்று கேட்காதீர்கள், பசித்தது.

புல் எலிப் போத்தல்களில்தான் அந்தப் புழு அகப்பட்டது. உடலமைப்பெல்லாம் ஏற்கெனவே தெரிந்த ஓர் இனத்தை ஒத்திருந்தது. ஆனால் அந்த இனத்துக்குக் கொளுக்கி உண்டு, இதற்கு இல்லை. தலை தலையாகப் பார்த்தேன். மேடு இருக்கிறது, கொளுக்கி இல்லை. பேராசிரியரைக் கூட்டிவந்து காட்டினேன். நுணுக்குக்காட்டியில் குனிந்தவர் நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

“புதியது. இது புதிய இனம்!” என்றார். என் தோளில் ஒரு தட்டும் தட்டினார். அவர் பேசுவது ஆங்கிலம்தான், அதையும் அளந்துதான் பேசுவார். தோளில் தட்டுகிற ஆள் இல்லை.

என் நிலைமை என்னவென்றால், முதுமாணிப் படிப்போடு என் புலமைப்பரிசில் முடிகிறது. கலாநிதிப் படிப்புக்கு ஏற்றிவிடுவதா, ஊருக்கு விமானம் ஏற்றுவதா என்று ஆண்டு முடிவில் ஒரு குழு கூடி முடிவு செய்யும். ஒரு விஞ்ஞான இதழில் எழுதியவர் என்று என் பெயர் போட்டு ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் எழுதாத சட்டம். எனக்கு ஊருக்குப் போக விருப்பமில்லை. போனால் ஒரு பள்ளிக்கூடத்தில் தவளை கீறிக் காட்டிக்கொண்டு, அம்மா பேசி வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குச் சோறு போட வேண்டும். எனக்கு நுணுக்குக்காட்டி வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் புழுவைக் கண்டபோது எனக்குக் கண்ணீர் வந்தது.

படங்கள் கீறினேன், அளவுகள் எடுத்தேன், விவரணையை எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து, காலைத் தேநீர் வேளையில் பேராசிரியர் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். எல்லாரும் திரும்பினோம்.

“இந்தப் புதிய இனத்துக்கு இவரின் பெயரை வைக்கப்போகிறேன்” என்று என்னைக் காட்டினார்.

கைதட்டினார்கள். யாரோ ஒரு லாமிங்டன் கேக் துண்டை என் தட்டில் வைத்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் பிறவிக் குணம் விடவில்லை. இந்த மனிசன் இவ்வளவு நாளும் என் பெயரைச் சரியாகச் சொன்னதுகூட இல்லை. இப்போது அதைப் புழுவுக்கு வைக்கிறார் என்றால் ஏன்?

அதுவும் அது என் பெயரே இல்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் கடைசியில் இருப்பது அப்பாவின் பெயர், வெள்ளைக்காரர் அதைத்தான் என் பெயர் என்று பிடித்துக்கொண்டார்கள். ஆக, எலிக்குடலில் குடியேறப்போவது வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கிற, முட்டை மணமே ஆகாத என் அப்பா. போதாததற்குப் பெண்ணின் பெயர் என்று லத்தீன் பெண்பால் விகுதியையும் வாலாகச் சேர்த்து!

அடுத்த அறையில் ஒரு தம்பி உண்ணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவப் பையன், எப்போதும் சிரித்த முகம். அன்று மத்தியானம் தன் சோற்றுப் பெட்டியோடு என் அறைக்கு வந்தான்.

“அக்கா, கங்கிராட்ஸ் லா! நம்ம ஆளுங்க பேர்ல புழு!”

“ஓம், ஓம். சாப்பிடும்.”

“ஆனா ஒன்னு கா. அப்ப அந்தப் பேப்பர்ல எழுதினவங்க பக்கத்துல உங்க பேர் வராதே?”

“ஏன் வராது? எழுதினது நான்தானே.”

“தன் பேரைத் தானே வச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும் இல்ல? அதை அசிங்கமா நெனைப்பாங்க. பேர் வைக்கிறவங்க ஒரு பக்கம், பேர் வாங்கிக்கிறவங்க ஒரு பக்கம். எங்க லேப்ல ஒருத்தருக்கு உண்ணி கெடச்சது. அவரும் அந்தப் பேப்பர்ல இல்ல.”

பார்த்தீர்களா, எவ்வளவு லாவகமான வேலை! எல்லாரும் கைதட்ட, லாமிங்டனும் ஊட்டி, கட்டுரையிலிருந்து என்னை மரியாதையாக வெளியே தள்ளியாயிற்று. கோபத்தில் எனக்குக் காது சூடேறியது.

அந்த ஞாயிறு டாண்டினோங் பக்கம் இருந்த ஓர் அன்ரி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அப்போது மெல்பேர்னில் எங்கள் ஆட்கள் மிகக் குறைவு. யார் வீட்டுக் குசினியில் கறி கொதித்தாலும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். நான் புழுக் கதையைச் சொன்னேன். அங்கிள் கதிரையில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தார். அன்ரி சிரிக்கவில்லை.

“ஐயோ பிள்ளை, உம்மடை அப்பான்ரை பேரையோ? கலியாணம் பேசுற நேரத்திலை இதென்ன கண்டறியாத வேலை! மாப்பிள்ளை வீட்டார் கேள்விப்பட்டா என்ன நினைப்பினம்?”

“கலியாணம் கிடக்கட்டும் அன்ரி. அவர் ஏன் வைச்சவர் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.”

அன்ரி அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “சரி, பேரைத் தந்துபோட்டு அவர் உம்மட்டையிருந்து என்னத்தை எடுத்தவர்? அதை யோசியும்.”

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நேரே போய்க் கேட்டேன். பேராசிரியர் புகைக்குழாயை இழுத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தார். கட்டுரை யாரும் எழுதலாம், பெயர் எல்லாருக்கும் கிடைக்காது என்றார். குழுவிடம் தான் பேசுவதாகச் சொன்னார். ஐரோப்பாவில் ஒரு மாநாடு வருகிறதாம், அதற்கு முன் கட்டுரையை அனுப்ப வேண்டுமாம், ஆறுதலாகக் கதைக்க நேரமில்லையாம். நான் தலையாட்டினேன். அவர் சொன்ன ஒரு சொல்லையும் நம்பவில்லை. பன்னிரண்டு வருடமாகப் போத்தலைத் திறக்காத மனிசனுக்கு இப்போது ஏன் இந்த அவசரம்?

அன்றிலிருந்து எல்லாவற்றையும் சந்தேகித்தேன். அவர் காலை வணக்கம் சொன்னால் ஏன் சொல்கிறார் என்று பார்த்தேன். சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை என்று பார்த்தேன். போத்தல்களை யாராவது இடம் மாற்றியிருக்கிறார்களா என்று காலையில் முதல் வேலையாகச் சரிபார்த்தேன். அடுத்த அறைத் தம்பி ஒரு நாள் கராம்பு எண்ணெய் கடன் கேட்டு வந்ததற்குக்கூட அவனைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

“அக்கா, எனக்கு பல்லு வலி லா!” என்றான் பாவம்.

விசயம் வெளியே வந்தது பேராசிரியரின் வாயாலேயேதான். துறையில் ஒருவருக்குப் பிரியாவிடை. பின்புறப் புல்வெளியில் சொசேஜ் சுட்டார்கள், பியர் ஓடியது. அவர் ஆபிரிக்கக் கதை சொல்லத் தொடங்கினார். மாலையில் பொறி வைப்பார்களாம். இரவு முழுக்கக் குடித்துவிட்டு அடுத்த நாள் மத்தியானம் வரை தூங்குவார்களாம். “நாங்கள் போய்ச் சேரும்போது எலிகள் வெயிலில் ஊதிக் கிடக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அறுப்போம்!”

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கையில் இருந்த பாணையும் சொசேஜையும் மேசையில் வைத்துவிட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்.

எலி செத்துச் சில மணி நேரத்தில் அதன் குடலுக்குள் இருக்கும் புழுவும் சாகும். செத்த புழு அழுகத் தொடங்கினால் முதலில் போவது அதன் தலைதான். தோல் இளகும். கொளுக்கிகள் பிடிவிட்டு உதிரும். இது புழுக்களோடு பழகிய எவருக்கும் தெரிந்த விசயம். எலி எத்தனை மணிக்குச் செத்தது, எத்தனை மணிக்கு அறுத்தீர்கள் என்று கேட்காமல் கொளுக்கி இல்லை என்று சொல்லக் கூடாது. எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. போத்தலுக்கு வெளியே ஓர் எலி இருந்தது என்பதே மறந்துபோயிற்று.

புல் எலிப் போத்தல்களைச் சரித்து, மேல் திரவத்தை மெல்ல வடித்து, அடியில் இருந்த வண்டலை ஒரு கண்ணாடித் தகட்டில் விட்டேன். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். மண், எலி மயிர், சாயத் தூள். தகட்டை நகர்த்தினேன். அங்கே கிடந்தது, ரோசா முள் மாதிரி வளைந்து, மஞ்சளாக, தெளிவாக ஒரு கொளுக்கி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு சோற்றில் கல் பொறுக்குவதுபோல வரிசையாக அகப்பட்டன. கடைசியில் ஓர் இளம் புழுவின் தலையும் அகப்பட்டது. அதன் மேட்டில் இரண்டு கொளுக்கி இன்னும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தன.

புதிய இனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த பழைய புழு, பொறிக்குள் அழுகி, பல் விழுந்த கிழவியாக வந்து நின்றிருக்கிறது. அதற்குத்தான் என் அப்பாவின் பெயர்.

எனக்கு முதலில் வந்தது பயம். இனம் போனால் கட்டுரை போகும். கட்டுரை போனால் என்ன, எப்படியும் அதில் நான் இல்லையே என்று யோசித்தபோதுதான் அடுத்த சந்தேகம் தலையில் அடித்தது. இது இவருக்கு முன்பே தெரியுமோ? தெரிந்துகொண்டுதான், நாளைக்குப் பிழை என்று தெரியவந்தால் சிரிப்பு என் பெயரோடு ஒட்டட்டும் என்று வைத்தாரோ? ஏனென்றால் இந்தத் தொழிலில் ஒரு வழமை உண்டு. ஒருமுறை அச்சான பெயர் செத்தாலும் அழியாது. பிழையான பெயர் என்று உண்மையான பெயருக்குக் கீழே போட்டு, புத்தகத்துக்குப் புத்தகம் காவிக்கொண்டு போவார்கள்.

மறுநாள் அவரைக் கீழே கூட்டிவந்து தகட்டைக் காட்டினேன். நீண்ட நேரம் குனிந்திருந்தார். நான் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வேறு போத்தலிலிருந்து கலந்திருக்கலாம்” என்றார்.

“அந்த இளம் தலையிலும் கலந்ததா?”

நிமிர்ந்தார். “கட்டுரையை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்.”

“திருப்பி எடுக்கலாமே?”

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மாநாட்டுக்கும் போனார். ஆண்டு முடிவில் குழு கூடியது. அவர் பேசினார் போலிருக்கிறது, எனக்கு இன்னும் ஓர் ஆண்டு அவகாசம் தந்தார்கள். அதற்குமேல் இல்லை என்றும் சொன்னார்கள். அடுத்த மாரியில் இதழ் வந்தது. எழுதியவர் அவர் ஒருவர். தலைப்பில் என் பெயர், லத்தீன் வாலோடு. நான் கீறிய படங்கள். கீழே நன்றி என்று ஒரு வரி.

அன்றே எழுத உட்கார்ந்தேன். கொளுக்கி உதிர்ந்த கதையை இரண்டே பக்கத்தில் எழுதினேன். உயிரோடு பிடித்து உடனே அறுத்தது என்று சீட்டு ஒட்டிய எலிப் போத்தல் ஒன்றும் இருந்தது. அதிலிருந்த புழுக்களுக்குக் கொளுக்கி நிறைய. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் கீறினேன். கடைசி வரியில் என் பெயருள்ள இனம் ஓர் இனமே அல்ல என்று எழுதி, தலைப்புக்குக் கீழே என் பெயரைத் தனியாகப் போட்டேன்.

தம்பி வாசித்துவிட்டு வெலவெலத்துப்போனான். “அக்கா, வேணாம் லா. அவர் உங்க சூப்பர்வைசர். உங்களைத் தூக்கிப் போட்டுடுவார்.”

“போடட்டும். எப்பிடியும் போடத்தான் போறார்.”

“யோசிச்சுப் பாருங்க. இதழ்க்காரங்க இதை யார்கிட்ட அனுப்பிச் சரியானு கேப்பாங்க? ஆப்பிரிக்க எலிப் புழு தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல யாரு?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. அதன் பிறகு வேறொன்றையும் யோசிக்கவில்லை. இதழாசிரியர் கட்டுரையைப் பெயர் சொல்லாத ஒரு நிபுணருக்கு அனுப்புவார். அந்த நிபுணர் எனக்கு மேல் மாடியில் இருக்கிறார். அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிவிடுவேன். இருந்தும் கட்டுரையை அனுப்பிவிட்டு வாரக்கணக்காகக் காத்திருந்தேன். அவர் நடையில், இருமலில், கதவு சாத்துகிற விதத்தில் எல்லாம் பதில் தேடினேன். அவரோ ஒன்றுமே நடக்காததுபோல மழையைப் பற்றிக் கதைத்தார். இந்த மனிசன் என்னைக் கழுத்தறுக்கப் போகிறது என்று அன்ரியிடம் சொல்லி அழுதேன்.

“அழாதையும். டிக்கெட் போட முதல் வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போம்” என்றார் அன்ரி. ஆறுதல் சொல்கிறாராம்!

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். மேலங்கியும் தொப்பியும் போட்டு வீட்டுக்குப் புறப்பட்ட கோலத்தில் பேராசிரியர் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“எலிகள் மத்தியானம் வரை பொறியில் கிடந்தன என்று எழுதியிருக்கிறாய்” என்றார்.

அந்தக் கட்டுரையை நான் அவரிடம் காட்டியதே இல்லை. எழுந்து நின்றேன்.

“அது பிழை. சில நாள் மாலை வரை கிடந்தன. திருத்து.”

“நான் எப்படி அதை எழுத முடியும்? எனக்கு அது தெரியாதே” என்றேன்.

அச்சில் வராத ஒரு விபரத்தை எழுதினால், அதைச் சொன்னவர் யார் என்று பெயர் போட வேண்டும். அதுதான் முறை. பெயர் போடாமல் எழுதினால் அது வதந்தி. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

“என் பெயரைப் போடு” என்றார். “பிடித்தவனும் நான், சொன்னவனும் நான் என்று எழுது.”

தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியேறிப் போய்விட்டார்.

எழுதினேன். கட்டுரை வந்தது. குழு என்னைக் கலாநிதிப் படிப்புக்கு ஏற்றியது. நான் ஊருக்குப் போகவில்லை. அப்பாவுக்கு, உங்கள் பெயரில் இருந்த புழு செத்துவிட்டது என்று எழுதினேன். நல்ல காரியம் செய்தாய் என்று பதில் வந்தது. அந்த இரண்டு பக்கத்தை இன்று எடுத்துப் பார்த்தாலும் தலைப்புக்குக் கீழே என் பெயர் இருக்கிறது; உள்ளே பிழையான இனத்தின் மேல் என் பெயர் இருக்கிறது; எலிகள் மாலை வரை வெயிலில் அழுகிக் கிடந்தன என்ற வரிக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவராகப் போடச் சொன்னார்.

அவர் இறந்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தை நான் எல்லாப் பக்கத்தாலும் புரட்டிப் பார்த்திருக்கிறேன். என்ன நோக்கத்தில் செய்தார், யாருக்கு நல்ல பிள்ளையாக நடித்தார், அதில் அவருக்கு என்ன இலாபம் என்று. அவர் செய்ததில் ஒரு கள்ளத்தை என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.